எந்த லயம் என்று அம்மா கேட்டாள்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாராவது இறந்துபோனால், சமையற்கட்டில் இருக்கும் எங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டின் எண்ணிக்கையில்தான் தெரியவரும். நேற்று அறுபத்துமூன்று, இன்று அறுபத்திரண்டு. பெரிய சமையல்காரர் வெள்ளைப் பலகையில் இருக்கும் பழைய எண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதியதை எழுதுவார். யார் என்று நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வரவேற்பு மேசையில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். மத்தியானத்துக்குள் அறைக் கதவில் இருந்த பெயர் அட்டை போய்விடும். பதின்மூன்று வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஒரு சாவின் சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை. சுவிட்சர்லாந்துக்கு வந்த புதிதில் இதைப் பெரிய நாகரிகம் என்று வியந்து ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இப்போது வியப்பெல்லாம் வற்றிப்போய், இன்றைக்குக் கழுவ ஒரு தட்டு குறைவு என்று மட்டும்தான் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் சாவு இப்படிப் பதுங்கிக்கொண்டு வராது. இலங்கையில், பதுளையிலிருந்து பசறைக்கு வந்து மேலே ஏறினால் நமுனுகுல மலையடியில் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்பது ஒரு பேச்சுக்கு. எங்களுக்கு இருந்தது லயத்தில் ஒரேயொரு காம்பரா, பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசையில் ஒரு அறை. அங்கே யாராவது கண்ணை மூடினால் முதலில் தப்புப் பறையின் சத்தம்தான் கேட்கும். காலையில் வேலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. சாவுக்கான அடி இவை எதிலும் சேராது. இரண்டு அடி அடுத்தடுத்து விழும், பிறகு மனிதனைப் பதற வைக்கிற ஒரு இடைவெளி, பிறகு ஒற்றை அடி. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கை அந்த இடைவெளியில் நின்றுவிடும். யார் செத்தது என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள். சத்தம் வந்த திசையைப் பார்த்து, எந்த லயம் என்றுதான் கேட்பாள். லயம் தெரிந்தால் போதும், ஆள் தெரிந்துவிடும். சொந்தக்காரி தலையில் மாட்டிய கூடைக் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போவாள். அப்படிப் போகிறவளைக் கங்காணிகூட மறித்ததை நான் பார்த்ததில்லை.

அம்மா பேர்ன் நகருக்கு வந்தது, ஊரில் சண்டை ஓய்ந்திருந்த ஒரு வருடத்தின் பனிக்காலத்தில். என் மனைவி சுமதிக்கு இரண்டாவது பிரசவம், வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். மூன்று மாத விசாவில் அம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த கை, வந்த மறுநாளே பிள்ளையை வாங்கிக்கொண்டது. குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, சுமதிக்குப் பத்தியம் வைப்பது எல்லாம் அம்மாதான். எனக்கு அதிகாலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும். அம்மா வந்த பிறகுதான் நான் வேலைக்குப் போகும் ட்ராமில் தூங்காமல் போனேன்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையிடத்தில் இருக்கும்போது ஊரிலிருந்து பத்மா அக்கா பேசினாள். மாரிமுத்து மாமா இறந்துவிட்டார். காலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம், வாகனம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரிமுத்து மாமா அம்மாவின் ஒரே தம்பி, ஒன்பது வயது இளையவர். அம்மாவின் அப்பா காலமானதும் அவள் படிப்பை நிறுத்திவிட்டு இந்தத் தம்பியைப் பார்க்கச் சொன்னார்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்து, சோறூட்டி, பேன் பார்த்து வளர்த்தது அம்மாதான். மாமாவைப் பற்றிப் பேசும்போது தம்பி என்று தொடங்கிப் பாதியில் புள்ள என்று முடிப்பாள். நாங்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வோம்.

“அம்மாகிட்ட இப்ப சொல்லாத தம்பி, அந்தக் குளிருல தாங்காது. இங்க வந்தொடன பக்குவமா சொல்லிக்குவோம்” என்றாள் அக்கா.

சரி என்றேன். அக்கா அதைச் சொன்னது அம்மாமேல் வைத்த அன்பால். நான் சரி என்றது அதனால் இல்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். சொன்னால் அம்மா அடுத்த விமானத்தில் ஏற்றிவிடச் சொல்வாள். தையல் ஆறாத சுமதி, பால் கேட்டுக் கத்தும் பச்சைப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் மூத்தவள், ஐந்தரை மணி வேலை, இத்தனையும் என் தலையில் விழும். அந்தப் பயம்தான் என்னைச் சரி என்று சொல்ல வைத்தது. சுமதியிடம் சொன்னபோது, மாமியிடம் மறைப்பது பாவம், இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒரு வாரம் நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துத் திரிந்தேன். அம்மாவோ வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். மாமாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்க வேண்டும் என்றாள். எந்த நிறம் என்று என்னிடமே கேட்டாள். நான் நீலம் என்றேன். தொலைபேசியில் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றபோது, மலைப்பக்கம் லைன் சரியில்லை என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை சின்னப் பொய்களுக்குத் தீனி போட வேண்டியிருக்கிறது! சாவைச் சுமப்பதைவிட அதை ஒளித்துச் சுமப்பது பெரிய கூலி வேலை.

இந்த நேரத்தில்தான் அந்த டிக்கெட்டுகள் வந்தன. எங்கள் இல்லத்தில் இருக்கும் ஃபிராவ் மோசர் என்ற கிழவிக்கு வருடாவருடம் இசை மண்டபத்தில் இரண்டு நாற்காலிகள் உண்டு. அவர் டிக்கெட்டுகளை என்னிடம் நீட்டி, இனி அந்தப் படிகளில் ஏறக் கால் இல்லை என்றார். என்னைத் துணைக்கு அழைக்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை, நான் உங்களைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றேன். கிழவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தனக்கு வேண்டாம், உன் வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்று மெதுவாக விளக்கினார். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி நிகழ்ச்சி. சிம்பொனி கேட்கும் ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் அங்கே இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேசக்கூடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிறு முழுக்க வீட்டில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொல்வதைவிட அது மேல் என்று பட்டது. அதற்காகத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்படியும் ஒரு மகன்.

மண்டபத்தில் மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா கொடுக்கமாட்டேன் என்று பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். அது என்னுடைய பழைய மேலங்கி, அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். எண் போட்ட வில்லையைக் காட்டி, திரும்பத் தருவார்கள் என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள். இலைப்பச்சை நிறச் சேலையோடு, அந்தக் கறுப்பு உடுப்புக் கூட்டத்துக்கு நடுவே, எங்கள் இருக்கைக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் வெள்ளி முடிக்காரி ஒருத்தி, அறுபது எழுபது இருக்கும், சிரித்துத் தலையசைத்தாள். அம்மாவும் தலையசைத்தாள்.

மேடையில் எழுபது எண்பது பேர். வயலின்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வில்லை ஏற்றி இறக்குவதை அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள். கையில் குச்சியோடு நடுவில் நின்றவரைக் காட்டி, இவர் ஒன்றும் வாசிக்கமாட்டாரா என்று கேட்டாள். மாட்டார், மற்றவர்களை வாசிக்க வைப்பதுதான் அவர் வேலை என்றேன். கங்காணி என்று சொல்லித் திருப்தியோடு சாய்ந்துகொண்டாள். முதல் பகுதி முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த இருமலை எல்லோரும் சேர்ந்து இருமினார்கள். அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல்முறையாக எனக்கு உடம்பு தளர்ந்தது, கண் சொருகியது. இந்த நாற்காலியிலேயே இப்படியே இரண்டு நாள் தூங்கலாம் போலிருந்தது.

இரண்டாவது பகுதி மிக மெதுவாகத் தொடங்கியது. அடித்தொண்டையில் பேசுவதுபோல் பெரிய வயலின்கள். பிறகு பின்வரிசையில் நின்றவர் செம்புக் குடம் மாதிரியான பெரிய பறைகளில் அடித்தார். இரண்டு அடி. ஒரு இடைவெளி. ஒற்றை அடி. மறுபடியும் இரண்டு, இடைவெளி, ஒன்று. வாசலில் கொடுத்த தாளில் அந்தப் பகுதி என்னவென்று எழுதியிருந்ததாம், சவ ஊர்வலத்துக்கான இசையாம். நான் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். படித்திருந்தால் அம்மாவை எழுப்பி வெளியே கூட்டிப் போயிருப்பேனோ என்னவோ. எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. பக்கத்தில் அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது.

“எந்த லயம்டா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்ட பிறகு, தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ஏனென்றால் வாய் சற்றே கோணிச் சிரிக்கப் பார்த்தது. இது வெறும் வாத்தியம் அம்மா, யாரும் சாகவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரு வாரமாக எத்தனையோ பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒரு வரி வரவில்லை. நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பறை அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. அவள் பிடி இறுகியது.

“நம்ம லயமா?”

தலையை ஆட்டினேன்.

“தம்பியா?”

அதற்கும் ஆட்டினேன். முன் இருக்கைக்காரர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். அம்மா அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைக் குனிந்தாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. தம்பி செத்த செய்தி கேட்ட அந்த நிமிடத்தில் என் அம்மா அந்நியர் ஒருவரிடம் சத்தம் போட்டதற்காகத் தலை குனிந்தாள். பிறகு என் காதருகே வந்து, எப்போது, மண் போட்டாகிவிட்டதா என்று இரண்டே கேள்வி கேட்டாள். போன ஞாயிறு, திங்கட்கிழமை மண் போட்டார்கள் என்றேன். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அந்தப் பகுதி முடிந்து எல்லோரும் இருமியபோது, அந்த இருமலுக்குள் அம்மா ஒரு தடவை அழுதாள். வாத்தியம் மீண்டும் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டாள்.

எழுந்து போய்விடலாம் என்று நான் சைகை காட்டினேன். வரிசையில் இருந்த அத்தனை பேரும் எங்களுக்காக எழ வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். மீதிப் பகுதிகள் துள்ளலாகவும் சந்தோஷமாகவும் இருந்தன. முடிவில் எல்லோரும் எழுந்து நெடுநேரம் கை தட்டினார்கள். அந்த வெள்ளி முடிக்காரி அம்மாவின் நனைந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஷ்யோன், கெல்?’ என்றாள். அழகாக இருந்தது, இல்லையா என்று கேட்கிறாள். சங்கீதம் இந்த ஆசியப் பெண்ணை இப்படி உருக்கிவிட்டதே என்று அவள் கண்ணும் கலங்கியிருந்தது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் கையைப் பிடிப்பார்கள். அம்மா அந்தக் கைகளைத் தன் நெற்றியில் வைத்து அழுதாள். வெள்ளி முடிக்காரி கையை உருவாமல் அப்படியே நின்றாள். அம்மாவுக்கு அந்த நாட்டில் துக்கம் விசாரித்தது அவள் ஒருத்திதான். இரண்டு பேரில் யாருக்கும் நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

ட்ராமில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். விரல் மடக்கி நாள் எண்ணினாள்.

“திங்கக்கெழம நம்ம வீட்டுல கோழி ஆக்குனோம்.”

ஆமாம் என்றேன்.

“நான் தின்னேன். நீயும் பக்கத்துல ஒக்காந்து தின்ன.”

அவ்வளவுதான் அவள் என்னைக் கேட்டது. கூடப் பிறந்தவனுக்கு மண் தள்ளுகிற நாளில் இங்கே அம்மாவின் அடுப்பில் கறி வெந்தது. எனக்குத் தெரிந்திருந்தும், அம்மா சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று, இன்னும் ஒரு துண்டு வை என்று கேட்டு வாங்கித் தின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை. அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு, பதினாறாம் நாள் காரியத்துக்காவது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்றாள். ஒன்பது நாள் இருந்தது. கட்டாயம் அனுப்புகிறேன் என்றேன். சொல்லும்போதே, அடுத்த வாரம் விடியற்காலையில் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று மனத்தின் ஒரு மூலை யோசித்தது. அந்த மூலையை எனக்கு வெட்டி எறியத் தெரியவில்லை.

கட்டடத்துக்கு வந்ததும் அம்மா கீழ்வாசலில் நின்றுவிட்டாள். சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும். முழுகாமல் பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்றாள். எங்கள் வீட்டில் கதவைத் திறந்ததும் பிள்ளையின் தொட்டில்தான், அதைத் தாண்டித்தான் குளியலறை. தோட்டத்தில் என்றால் லயத்துக்கு வெளியே பீலியில் மலை ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் அதில் நனைந்துவிட்டுத்தான் வீடேறுவார்கள். இங்கே வாசலில் இருந்தது உறைபனி. யோசித்துப் பார்த்து, நிலத்தடியில் துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு குழாயும் வாளியும் தண்ணீர் ஓடத் தரையில் ஒரு துவாரமும் உண்டு. கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவான அறை, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் இல்லை, அன்றைக்கு அமைதி நாள். மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்து வந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நான் வெளியே படியில் நின்றேன்.

முதல் வாளி தலையில் விழுந்த சத்தம் கேட்டது. அதன் பின்னால் அம்மாவின் குரல் வந்தது. இரண்டரை மணி நேரம் தொண்டைக்குள் வைத்திருந்த குரல்.

“பாலாட்டம் சீமையில
பனிக்குள்ள நானிருக்க
மண்ணு தள்ளிப் போனாகளே என் தம்பி
மொகம் பாக்க வரலியே...”

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாளி. அம்மா ஒப்பாரி வைத்து நான் கேட்டது அப்பாவின் சாவுக்குப் பிறகு அன்றுதான். சுவரெல்லாம் அதிர்ந்தது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் தரைத்தளத்துக் கதவு திறந்து, ஹெர் கெர்பர் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். இன்று ஞாயிற்றுக்கிழமை என்றார். தெரியும் என்றேன். யாராவது துவைக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, என் அம்மா குளிக்கிறார் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சற்று நேரம் கேட்டார்.

“பாடுகிறாரா?”

ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

நல்ல குரல் என்றார். பிறகு, ஞாயிறு என்பதால், கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அதுவரை இந்த நாட்டில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். சரி, மன்னிக்கவும், இனி நடக்காது. இந்த மூன்றும்தான் என் ஜெர்மன். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது. மெதுவாகப் பாடு என்று அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன் என்றேன். கெர்பர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, தலையை அசைத்துவிட்டு மேலே போய்க் கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டார்.

அதே நேரம் மூன்றாம் மாடியில் எங்கள் கதவு திறந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது, மாமி இன்னும் குளித்து முடியவில்லையா, இவன் யார் தூக்கினாலும் நிறுத்தமாட்டேன் என்கிறான் என்று சுமதி கூப்பிட்டுக் கேட்டாள். மேலே போகக் காலைத் தூக்கினேன், அம்மாவைத் தனியாக விட மனமில்லை. கீழே போய்க் கதவைத் தட்டலாம், அதற்கு எனக்கு முகமில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊர்ப் படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அணையும்போதெல்லாம் எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு வந்தேன். ஐந்தாவது தடவை எழுந்திருக்கவில்லை. மேலேயும் அழுகை, கீழேயும் அழுகை, நடுவில் இருட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.